கப்பல் பட்டறைக் கூலியாள் எடுத்த படம்

(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சினிமா என்றவுடன் நம் நினைவுக்கு வருவது என்ன? மாளிகை, மோட்டார், நட்சத்திரங்கள்! ஹங்கேரி நாட்டிலே ஒரு வாலிபர் காமிராவை வேறு பக்கம் திருப்பினார். அவர் பெயர் பேலா தார். அவருடைய ஆரம்ப காலத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

1955-ல் பேச் நகரில் பிறந்து, புடாபெஸ்டில் வளர்ந்தவர் அவர். பதினாறாவது வயதில், 8 மில்லிமீட்டர் காமிராவைக் கொண்டு ரோமா இனத் தொழிலாளர்களைப் படம் பிடித்தார். "இங்கே பிழைக்க வழியில்லை, ஆஸ்திரியாவுக்குப் போய் வேலை செய்ய அனுமதி கொடுங்கள்" என்று நாட்டின் தலைவர் காதாருக்கு மனுப் போட்டவர்கள் அவர்கள். பலன் என்ன? படமெடுத்தவருக்குப் பல்கலைக் கழகத்தின் கதவு சாத்தப்பட்டது! தத்துவம் படிக்க நினைத்தவர் கப்பல் கட்டும் பட்டறையில் கூலியாளானார்.

ஆயினும் காமிராவை அவர் விடவில்லை. குடியிருக்க இடமின்றிக் காலி வீட்டில் புகுந்த ஒரு தொழிலாளி குடும்பத்தைப் போலீஸார் வெளியேற்றுவதைப் படமெடுக்கப் போனார், கைது செய்யப்பட்டார்.

பிறகு பேலா பலாஷ் ஸ்டூடியோ அவருக்குக் கைகொடுத்தது. சர்க்கார் பணத்தில் நடந்த ஸ்டூடியோதான். ஆனால் அங்கே எடுத்த படத்தைத் திரையிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை. அதனால் இளைஞர்களுக்குச் சற்றுச் சுதந்திரம் இருந்தது. 1977-ல், தமது 22-வது வயதில், சொற்பப் பணத்தில் தார் முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். தொழில்முறை நடிகர்கள் கிடையாது; சாதாரண மக்களே நடித்தார்கள்.

அதன் பெயர் 'குடும்ப நெருப்புக் கூடு'. இரேன் என்ற தொழிலாளிப் பெண், கணவனின் பெற்றோருடைய சின்னஞ்சிறு வீட்டில் குழந்தையோடு ஒண்டுக் குடித்தனம் நடத்துகிறாள். மாமனாரின் ஏச்சு ஓயவில்லை. வீடு கேட்டு அதிகாரியிடம் நடக்கிறாள். கிடைத்த பதில், காத்திரு என்பதுதான்! கணவனும் அவன் சகோதரனும், வீட்டுக்கு வந்த ரோமாத் தோழியைப் பலாத்காரம் செய்யும் கொடுமையையும் படம் மறைக்கவில்லை. ஏழை என்பதற்காக எவனையும் உத்தமனாக்கவில்லை.

தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் ஆட்சி நடந்த நாடு அது. அங்கே தொழிலாளிக்கு வீடு எங்கே என்று கேட்பது துரோகமா? இல்லை, தோழர்களே! அந்தப் பெயருக்கு மதிப்புக் கொடுப்பவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்பான்.

1979-ல் ஜெர்மனியின் மான்ஹைம் விழாவில் படம் பரிசு பெற்றது. 1982-ல் வந்த மற்றொரு படத்தில் தம்பதிகளுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்துவிடுகிறது, நிம்மதிதான் கிடைக்கவில்லை. சுவர் மட்டும் போதாது, வாழ்வும் வேண்டும் என்றது அது.

பின்னாளில் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றார் தார். ஆனால் நாம் மறக்கக் கூடாதது அந்தச் சின்னக் காமிராவைத்தான். மனுப் போட்டவர்களின் முகத்தைப் படம் பிடித்தது அதுவே!