எட்டப்பன் எனும் சொல்
(வெம்பக்கோட்டையில் ஆற்றிய உரை)

தோழர்களே!

உங்கள் ஊர் மேட்டிலே 2022ஆம் ஆண்டு தொல்லியல் துறையினர் அகழத் தொடங்கினர். மண்ணை நீக்க நீக்கச் சங்கு வளையல்களும் மணிகளும் வெளிவந்தன. சொல்லையும் அவ்வாறே அகழ்ந்து பார்த்தல் வேண்டும். மாறுபட்டுப் பேசுவோர்மீது நொடியில் வீசுகிறோமே, 'எட்டப்பன்' என்று. இன்று அச்சொல்லை அகழ்வோம்.

எட்டப்பன் என்பது தனியொருவன் பெயரன்று. எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம். எட்டுப் பேருக்கு அப்பனாய் நின்றவன் என்பது அக்குடி மரபு கூறும் பொருள். காத்தவனைக் குறித்த சொல், காட்டிக் கொடுத்தவனைக் குறிப்பதாயிற்று! எதனால்?

1799 செப்டம்பரில் பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது, எட்டயபுரம் கும்பினியின் பக்கம் நின்றது. இரு பாளையங்களுக்கும் எல்லைப் பூசல் முன்பே உண்டு. அண்டை வீட்டுப் பகை தீர்க்க அந்நியனின் பீரங்கி துணையாயிற்று. அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அவன் நிலத்தில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குப் பரிசாயிற்று. குற்றம் உண்டு, மறைப்பதற்கில்லை.

ஆனால், தப்பிச் சென்றவனைப் பிடித்து ஒப்படைத்தது யார்? புதுக்கோட்டைத் தொண்டைமான்! கும்பினிக்குத் துணைபோன பாளையங்கள் வேறும் உண்டு. பழி முழுதும் ஏறியதோ ஒரு பெயர்மீது. 1959இல் வந்த கட்டபொம்மன் திரைப்படம் அப்பெயரைப் பட்டிதொட்டியெங்கும் பரப்பிற்று. பழி சுமக்க ஒரு பெயர் கிடைத்துவிட்டால், பாளையங்கள் ஏன் ஒன்றுபடவில்லை என்று கேட்பார் யார்? அச்சொல் செய்த கேடு அது. உமறுப்புலவரைப் போற்றிய ஊர், 1882இல் பாரதியை ஈன்ற ஊர், இன்றும் அப்பழியைச் சுமக்கிறது.

தோழர்களே! எதிரி வேறு, துரோகி வேறு. எதிரி எதிரே நிற்பவன். வாதத்தால் வெல்லப்பட வேண்டியவன். துரோகி உடனிருந்தே நம்பிக்கையை விற்பவன். சான்று காட்டி மெய்ப்பிக்கப்பட வேண்டியவன். கிளைக் கூட்டத்திலே எழுந்து கணக்குக் கேட்பவனோ இரண்டுமல்லன், அவன் தோழன்! அவனை எட்டப்பன் என்றழைத்தால், அடுத்த கூட்டத்தில் எவன் வாய் திறப்பான்? வாய்கள் மூடிய கழகத்திலே உண்மைத் துரோகியை எவன் கண்டு சொல்வான்?

பட்டாசு மருந்தை அளவறிந்து, உராயாமல் கையாளும் மக்கள் நீங்கள். சொல்லையும் அவ்வாறே கையாளுங்கள். செயலைச் சொல்லுங்கள், சான்றைக் காட்டுங்கள், பெயரை வீசாதீர்கள்!