ஆடிட் தாளில் இல்லாத கட்டம்



வேலையிடத்தில் நியாயத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பேசச் சொன்னீர்கள். ஆம்பூர் பக்கம் டேனரியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

2015 ஜனவரி 31 அதிகாலை. இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. உடம்பில் படும் தோல் பொருளில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. போடுகிறவருக்கு அலர்ஜி வரும். நல்ல விதிதான். வாங்குகிறவர் காலுக்கு மில்லிகிராமில் கணக்கு இருக்கிறது. கழிவோடு கிடக்கிறவர் உயிருக்கு?

ஆடிட் வரும் அன்று எங்களுக்குக் கையுறை கிடைக்கும். தாளில் டிக் விழும். தொட்டியில் இறங்கியது யார், ஏன் எப்போதும் சேரி ஆளே என்று கேட்க அதில் கட்டம் கிடையாது.

ஒருநாள் மேஸ்திரி, "இறங்க ஓர் ஆளைக் கூப்பிடு" என்றார். நம் தெருப் பையனைத்தான் கூப்பிட்டேன். வேறு யாரையும் கூப்பிடத் தோன்றவே இல்லை. உள்ளே மயங்கினான். இழுத்துப் போட்டோம், பிழைத்தான். சாதி முதலாளி அறையில் மட்டுமல்ல, என் நாக்கிலும் இருந்தது.

அன்றிலிருந்து என் அளவுகோல் ஒன்றுதான்: முதலாளி தன் மகனை இறக்காத தொட்டியில் யார் மகனும் இறங்கக் கூடாது. இதைத் தாளில் ஏற்றச் சொல்லிச் சங்கம் கேட்க வேண்டும். ஏறும்வரை, கூப்பிடச் சொன்னால் மறுப்போம்.

ஜெய்பீம்.