காயம் ஆறக் கூடாதா?

(திண்டுக்கல்லில் மாணவர்கள் கூடிய அரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுவாக்கில் வந்த சொற்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



கவிஞர் என்று சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். பகலில் நான் வங்கி கிளார்க். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன். கொடுத்த தலைப்பு ‘மீண்டெழுதல்’. நோட்டீசில் பார்த்தபோதே கொஞ்சம் பயமாக இருந்தது. இந்த வார்த்தையை நாம ரொம்பச் சுலபமாகப் போடுகிறோம். எழுந்தவர் எதைப் பிடித்து எழுந்தார், அப்போது நாம் எங்கே நின்றோம் என்று கேட்பதில்லை. அதனால் ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நம்ம பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் வண்டி நிற்கிற இடம் உங்களுக்குத் தெரியும். ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருப்பார். கௌசல்யா அந்தப் பாதையில் பழனிக்காரர், நம்ம மாவட்டத்துப் பெண். சங்கர் பழனியைத் தாண்டி, மடத்துக்குளம் பக்கம் குமரலிங்கம். இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவர் முக்குலத்தோர் வீட்டுப் பெண், இவர் தலித். பொள்ளாச்சியில் இன்ஜினியரிங் படிக்கும்போது பழக்கம். 2015 ஜூலையில் கல்யாணம். எட்டு மாதம் வாழ்ந்தார்கள். 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, உடுமலைக்குத் துணி எடுக்கப் போனார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, பட்டப்பகலில், அத்தனை சனம் பார்க்க வெட்டினார்கள். 22 வயது சங்கர் செத்துப்போனார். 19 வயது கௌசல்யா தலையில் வெட்டுக்காயத்தோடு பிழைத்தார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இனிமேல் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வாரம் நான் ஒரு கவிதை எழுதினேன். அதில் கௌசல்யா உடுமலை ரோட்டில் ரத்தத்தோடு உட்கார்ந்திருப்பார். கடைசி வரியிலும் உட்கார்ந்தே இருப்பார். மேடை மேடையாக வாசித்தேன். நல்ல கைதட்டு. நான் கைதட்டு வாங்கிக்கொண்டு திரிந்த அந்த மாதங்களில் அந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போயிருச்சு. என் கவிதைக்கு அது தெரியவே இல்லை.

எங்கே போனார்? முதலில் குமரலிங்கத்துக்குத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பழனிக்குத் திரும்பவில்லை, சங்கர் வீட்டுக்கே போனார். அந்த வருசமே உயிரை விடவும் பார்த்தார். காப்பாற்றிவிட்டார்கள். அதைப் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் எழுதித் தீர்த்துவிட்டதால் நான் விரித்துப் பேசப்போவதில்லை. ஒன்று மட்டும். உங்களில் யாருக்காவது அப்படி ஒரு ராத்திரி வந்தால் ஹாஸ்டல் ரூமைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உட்காராதீங்க. பக்கத்து ரூமைத் தட்டுங்க. தூங்குறான்னு பார்க்காதீங்க, தட்டுங்க.

பிறகு கோர்ட். சொந்த அப்பா, அம்மா, மாமா உள்ளிட்டவர்களுக்கு எதிராகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். அவர்கள் ஜாமீன் கேட்டபோது எதிர்த்து நின்றார். 2017 டிசம்பர் 12இல் திருப்பூர் நீதிமன்றம் அவர் அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்கு என்றது. அம்மா, மாமா உட்பட மூன்று பேரை விடுவித்தது. தூக்குத் தண்டனை எனக்கு ஒப்பாதது, அது வேறு விவாதம். பெற்றவர்களுக்கு எதிராக ஒரு பெண் நீதிமன்றப் படி ஏறுவது என்றால் என்ன என்று நம்ம ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரேசன் கார்டில் பேர் இருக்கிற வீடு அது. பிறந்தநாள் தெரிந்த வீடு. அதோடு இருக்கிற எல்லா நூலையும் தன் கையாலேயே அறுக்கணும்.

நிவாரணப் பணம் வந்தது. அதில் சங்கர் குடும்பத்துக்கு வீடு கட்டினார். அங்கே பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தார். வெலிங்டன் கன்டோன்மென்டில் எழுத்தர் வேலை கிடைத்தது. முடியை வெட்டிக்கொண்டார். பறை கற்றார்.

இந்தப் பறையில் கொஞ்சம் நிற்க வேண்டும். என் தாத்தா ஊர்ச் சாவுக்குப் பறையடித்தவர். என் அப்பா ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று இறக்கி வைத்தார். அதற்கு ஊர்க்காரர்களிடம் அடி வாங்கிக்கொண்டு டவுனுக்கு வந்து தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினார். கை முழுக்க வெந்துபோய் இருக்கும். கௌசல்யா பறையடிக்கிற செய்தியைப் படித்துக் காட்டியபோது அப்பா கேட்டார்: “நாம எறக்கி வச்சதை அந்தப் புள்ள எதுக்குப்பா தூக்கித் தோள்ல போடுது?” கலை, விடுதலை, ஆதி இசை என்று நாம் மேடையில் சொல்கிற பதில் எதுவும் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. பறையை விட்டதும் போராட்டம், எடுப்பதும் போராட்டம் என்று எழுதிவிடலாம். அப்பா கையைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது. போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை பார்த்தார். “அடி சுத்தமா இருக்கு” என்றார். அவ்வளவுதான். இன்றுவரை அதற்கு மேல் பேசவில்லை.

இப்போது என் கவுன்ட்டருக்கு வருகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட நிவாரணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். 2016இல் திருத்திய விதிப்படி கொலை என்றால் 8,25,000 ரூபாய். பாதி பிணக்கூறாய்வு முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும். 2021இல் தமிழ்நாடு அரசு உச்சவரம்பை 12 லட்சமாக உயர்த்தியது. கொலையானவரின் மனைவிக்கு மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம், அதோடு அகவிலைப்படி. இதெல்லாம் சலுகை இல்லை, சட்டம். இங்கே இருக்கிற சட்ட மாணவர்கள் இந்த விதிகளை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். கலெக்டர் ஆபீசில் படித்தவன் ஒருத்தன் கூட நின்றாலே ஃபைல் நகர்கிற வேகம் வேறு.

இப்படி ஒரு அக்கா என் கவுன்ட்டருக்கு வருவார். ஊர் பேர் வேண்டாம். முதல் தடவை கொழுந்தன் கூட வந்தார். பாஸ்புக் கொழுந்தன் சட்டைப் பையில். “இவுக பேருல தனியா எதுக்கு சார், என் பேரையும் சேத்துருங்க” என்றான். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கு அக்கா பேரிலேயே இருக்கட்டும், ரூல் அப்படித்தான் என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அது பெரிய வீரம் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற தைரியம்.

ஏழெட்டு மாதம் கழித்து அக்கா தனியாக வந்தார். கறவை மாட்டு லோன் விசாரிக்க. மஞ்சளில் பூப்போட்ட புதுச் சேலை. பக்கத்தில் நின்ற பொம்பளையிடம் என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். தோழர்களே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தச் சேலையைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சுருக். ‘வருசம் திரும்பல, அதுக்குள்ள...’ என்று மனசு ஆரம்பித்தது. அம்பேத்கரைப் படித்தவன் நான். மேடையில் பெண் விடுதலை பேசுகிறவன். எனக்குள் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

அந்தக் குரலின் முகவரியை அம்பேத்கரே எழுதி வைத்திருக்கிறார். 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியச் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். 25 வயது. சாதி எப்படித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அதில் ஆராய்கிறார். அகமணம் சாதியின் உயிர்நாடி. கணவன் செத்த பெண் வேறு சாதியில் மணந்துவிட்டால் வேலி உடையும், சொந்தச் சாதியில் மணந்தால் கன்னிப் பெண்களுக்கு மாப்பிள்ளை குறையும். ஆகவே அவளை எரி, அல்லது காலம் முழுக்கக் கைம்பெண்ணாக வைத்திரு. உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் சாதியின் கருவிகள் என்பது அவர் வாதம். சரியாக நூறு வருசம் கழித்து உடுமலையில் அரிவாள் எடுத்தது அதே வேலியைக் காக்கத்தான்.

நம்ம சேரிகளில் அறுத்துக்கட்டுகிற வழக்கம் இருந்தது. என் அப்பாயியின் அம்மா இரண்டாவது கல்யாணம் செய்தவர். யாரும் அதை ரகசியமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார்கள். நாலெழுத்துப் படித்து டவுனுக்கு வந்த நாம்தான் மற்றவர்களைப் பார்த்து வெள்ளைச் சேலையைக் கற்றுக்கொண்டோம்.

2018 டிசம்பர் 9இல் கோவையில் கௌசல்யா பறையிசைக் கலைஞர் சக்தியை மணந்தார். சாதிக்காரர்கள் ஏசினார்கள். அது எதிர்பார்த்ததே. ஆனால் சங்கருக்காக நம்மோடு தொண்டை கிழியக் கத்தியவர்களில் சிலரும் முகம் சுளித்தார்கள். அந்த வாரம் டீக்கடையில் ஒரு தோழர் சொன்னார்: “கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம் தோழர்.” எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. டீ ஆறிப்போச்சு என்று பேச்சை மாற்றினேன். மணமகன் மீது அப்போது புகார்கள் எழுந்தன. அது வேறு விசயம். புகார் என்று வந்தால் விசாரிக்க வேண்டும், இயக்கத் தலைவர்கள் விசாரிக்கவும் செய்தார்கள். நான் சொல்வது அதை அல்ல. புகார் வெளியே வருமுன்பே, கல்யாணப் படம் வந்த அன்றைக்கே, ‘சங்கரை மறந்துட்டாளா’ என்று கேட்டார்களே, அதைச் சொல்கிறேன். நமக்கு ஒரு சிலை தேவைப்பட்டிருக்கிறது. ரோட்டில் உட்கார்ந்தே இருக்கிற, என் கவிதையில் இருக்கிற கௌசல்யா.

2020 ஜூன் 22இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் அப்பாவை விடுதலை செய்தது. ஐந்து பேரின் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. நாலு வருசம் கட்டிய சுவரில் பாதி ஒரே காலையில் சரிந்த மாதிரி. சட்டப் போராட்டம் ஓயாது, உச்ச நீதிமன்றம் போவோம் என்றார். ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்றும் கேட்டுவந்தார். 2025 ஜூலையில் நெல்லையில் கவின் வெட்டப்பட்டபோது அதே கோரிக்கையை எல்லோரும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது.

இங்கே வேடசந்தூர்ப் பக்கமிருந்து, மில் வேன் வந்து ஏற்றிப்போகிற ஊர்களிலிருந்து வந்த பெண்கள் இருக்கிறீர்கள். கௌசல்யா பெயர் தெரிந்த ஆள், இயக்கங்கள் கூட நின்றன, பெயர் தெரியாதவளுக்கு யார் நிற்பா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2021 ஜனவரியில் ஜெயஸ்ரீ என்ற தலித் பெண், ஆயத்த ஆடை ஆலைத் தொழிலாளி, கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற ஒரு தொழிற்சங்கம் விடவில்லை. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி வாசல் வரை கொண்டுபோனார்கள். 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் மாதிரி கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம். அதற்கு உலகத்தில் பெயரே திண்டுக்கல் ஒப்பந்தம். தொல்லை நடந்தால் கவனித்துச் சொல்ல லைனிலேயே தொழிலாளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊர் என்று நம்மைச் சொல்கிறார்களே, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கௌசல்யா பிறகு அரசு வேலையை விட்டார். 2022 செப்டம்பரில் கோவை வெள்ளலூரில் அழகு நிலையம் திறந்தார். கடைக்குப் பேர் ‘ழ’. நடிகை பார்வதி வந்து திறந்துவைத்தார். ‘புரட்சிக்காரிக்கு ப்யூட்டி பார்லரா’ என்று அப்போதும் கேட்டார்கள். லோன் ஃபைல் பார்க்கிறவனாகச் சொல்கிறேன்: ஒரு கடை என்றால் வாடகை, கரன்ட் பில், சுழலும் நாற்காலி, நல்ல கண்ணாடி, வேலைக்கு ஆள், காலையில் ஷட்டர் தூக்க ஒரு மனசு. தலையில் வெட்டு வாங்கியவர் அடுத்தவர் தலைமுடியைக் கையில் எடுத்திருக்கிறார். இதைக் கவிதையாக்க எனக்குக் கை அரிக்கிறது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த அக்காவின் லோன் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். முதல் தடவை திரும்பிவிட்டது, ஜாமீன் ஆள் இல்லை என்று. இரண்டாவது தடவை மகளிர் குழு வழியாக வந்தது. மாடு ஈன்றுவிட்டது, சீம்பால் கொண்டுவந்து கொடுத்தார்.

பழைய கவிதையை வாசிக்கச் சொல்லி ஒரு சீட்டு வந்திருக்கிறது. வாசிக்கப்போவதில்லை, தொகுப்பிலிருந்தும் எடுத்துவிட்டேன். நேரம் இருக்கிறது, கேள்வி கேளுங்க. வேடசந்தூர் கடைசி பஸ்ஸுக்குப் போறவங்க முதல்ல கேளுங்க.