தம் பிழையையும் எழுதிய நூல்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வாசிக்கத் தகுந்த நூல்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். கதைப் புத்தகங்களைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்து வாசிக்கும் கலையை நாங்கள் இந்த வகுப்பறைகளில்தான் பழகினோம். ஆகவே, உண்மையில் நடந்தவற்றைச் சொல்லும் நான்கு நூல்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவற்றைத் தெரிவு செய்ய நான் வைத்த அளவுகோல் ஒன்றே. எழுதியவர் தமது பிழையையோ தமது தரப்பின் பிழையையோ மறைக்காமல் எழுதியிருக்க வேண்டும்.

முதலாவது, வாழ்க்கை நினைவு. சொனாலி தெரணியகலை எழுதிய ‘வேவ்’ 2013இல் வெளிவந்தது. 2004 டிசம்பர் 26 அன்று யால கடற்கரையில் கணவரையும் இரண்டு மகன்மாரையும் பெற்றோரையும் ஒரே காலையில் இழந்தவர் அவர். அலை வருவதைக் கண்டு ஓடியபோது பக்கத்து அறையில் இருந்த பெற்றோரின் கதவைத் தட்ட நிற்கவில்லை என்பதையும் எழுதியிருக்கிறார். அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தாலும் யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை.

இரண்டாவது, வரலாறு. லெனார்ட் வூல்ப் 1904இன் இறுதியில், 24 வயதில், ஆங்கிலேய அரசின் உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் கடமையாற்றி 1911இல் திரும்பினார். அந்த ஆண்டுகளைப் பற்றி 1961இல் ‘குரோயிங்’ என்ற நூலை எழுதினார். யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கறிஞரை அவர் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று முறைப்பாடு எழுந்தது. தாம் அப்படிச் செய்யவில்லை என்றே அவர் சொல்கிறார். ஆனால் அப்படிச் செய்யக்கூடியவர் என்று மக்கள் தம்மைப் பற்றி எண்ணியதே, பிறரை ஆளத் தமக்கு விருப்பம்தானா என்ற ஐயத்தை எழுப்பியது என்றும் எழுதுகிறார். ஆட்சி எப்படி நடந்தது என்பதை ஆண்டவரின் வாயாலேயே கேட்கிறோம்.

மூன்றாவது, அரசியல். ‘முறிந்த பனை’ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நால்வர் சேர்ந்து எழுதி, 1990இல் நூலாக வெளிவந்தது. இலங்கைப் படையினரையும் இந்தியப் படையினரையும் விமர்சித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. எங்கள் இயக்கங்களையும் எங்கள் மௌனத்தையும் கேள்வி கேட்டார்கள். அவர்களுள் ஒருவரான ராஜனி திராணகம, போரில் பெண்கள் பட்ட துன்பங்களை அவர்களிடமே கேட்டு எழுதியவர். 1989 செப்டெம்பர் 21 அன்று வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. அந்த நூலின் முடிவுகளோடு நீங்கள் உடன்படலாம், உடன்படாமலும் விடலாம். வாசிக்காமல் விடாதீர்கள். பயத்தினால் நான் பல வருடங்கள் அதைத் தொடவேயில்லை.

நான்காவது, ஆன்மிகம். காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’. 1925 முதல் 1929 வரை குஜராத்தியில் வாராவாரம் வெளிவந்த தொடர் அது. அதற்கிடையில்தான், 1927 நவம்பரில், அவர் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். தென்னாபிரிக்காவில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த எழுத்தர் ஒருவரின் மலசலப் பாத்திரத்தை முகம் சுளிக்காமல் சுத்தம் செய்யவில்லை என்று மனைவி கஸ்தூரிபாவைக் கையைப் பிடித்து இழுத்து வாசல்வரை கொண்டுபோனதை அதில் எழுதியிருக்கிறார். கொள்கை நல்லது, நடந்துகொண்ட விதம் கொடியது. அவர் இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கிறார்.

இந்த நூல் என்னிடம் வந்த கதையைச் சொல்லி முடிக்கிறேன். எட்டாம் வகுப்பில் எங்களோடு ஒரு பிள்ளை படித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் மரத்தடியில் வட்டமாக இருப்போம். அவள் படிக்கட்டில் தனியே இருந்து சாப்பிடுவாள். ஏனென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் அவள் பள்ளிக்கு வரவில்லை. கணக்கில் எப்போதும் அவள்தான் முதலாம் பிள்ளை. அந்த வருடம் கணக்குப் பரிசு எனக்குக் கிடைத்தது. பரிசாகத் தந்த புத்தகம் ‘சத்திய சோதனை’. நாற்பது வயதில்தான் அதைத் திறந்தேன். கஸ்தூரிபாவின் கதையை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நூற்றாண்டு மலரில் எங்கள் வெற்றிகளை எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். அந்தப் படிக்கட்டில் இருந்தவளும் எங்கள் பள்ளியின் வரலாறுதான். ஆகவே அவளைப் பற்றி நானே இங்கு சொல்லிவிட்டேன். தங்கைமாரே, இன்று மத்தியானம் யாராவது தனியே இருந்து சாப்பிட்டால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவளைக் கூப்பிடுங்கள்.