பாட்டுக்கு உடையவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

யாம் புலவரும் அல்லோம்; இசைவாணரும் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இந்தக் கரக்பூரில் இருபது ஆண்டுகளாக இரயில்வேப் பார்சல் ஆபீசில் பேரேடு எழுதி வருகின்றோம். எனினும் எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை உங்கள்முன் வைத்தல் கடமை எனக் கருதியே இம்மேடை ஏறினோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், கல்லூரியில் பயிலும் எம் மகள், செயற்கை நுண்ணறிவு எனப்படும் இயந்திரத்திடம், புறப்படும் இரயில், ஊரை விட்டு வந்த குடும்பம், துள்ளல் நடை என இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். சிறிது நேரத்தில் சொல்லும் மெட்டும் குரலும் வாத்தியமும் கூடிய பாட்டொன்று கைபேசியில் ஒலித்தது. வீடே மகிழ்ந்தது. குறும்படம் எடுப்பவர் ஒருவர் அதனைக் கேட்டு விரும்பினார். "இது என் சொந்தப் படைப்பு, இதில் பிறர்க்கு உரிமை இல்லை" என எழுதிய தாள் ஒன்றைக் கையொப்பத்திற்கு அனுப்பினார்.

வராந்தாவில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த எம் அன்னையார், "இதை யாரடி கட்டினது?" என்றார்கள். மகள் வாய் திறக்கவில்லை. தாள் கையொப்பமின்றியே கிடந்தது.

அன்பர்களே! கையொப்பத்தின் கனம் குமாஸ்தாவுக்குத் தெரியும். பொதியைக் கண்டவர் எல்லாரும் அதற்கு உடையவர் ஆகிவிட முடியாது. ஆகவே சட்டம் அறிந்த நண்பர் ஒருவரை நாடினோம். அவர் விளக்கியவற்றைச் சுருங்கக் கூறுகின்றோம்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம், கணிப்பொறியால் ஆக்கப்பட்ட படைப்பிற்கு, அதனை ஆக்குவித்தவரே ஆசிரியர் என்று கூறுகிறது. "அப்படியாயின் எம் மகளே ஆசிரியர் அன்றோ?" என்றோம். நண்பர் நகைத்தார். அச்சொற்கள் எழுதப்பட்ட காலத்தில் இரண்டு வரிக்கு முழுப் பாட்டுப் பாடும் இயந்திரம் இல்லை. அதனை மட்டும் நம்பிக் கையொப்பமிடுதல் அறிவுடைமை அன்று என்றார்.

உச்சநீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் தெளிவுரை தந்திருக்கிறது. தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் பதிப்பகத்தார் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பின் மூலவாசகம் எவர்க்கும் பொது. ஆனால் பதிப்பாசிரியர் தம் திறனும் தேர்வும் கொண்டு பத்தி பிரித்தும் குறிப்புச் சேர்த்தும் செய்த பகுதி அவர்க்கே உரியது என்று மன்றம் கூறிற்று. வெறும் உழைப்பும் செலவும் போதா. சிறிதளவேனும் படைப்புத்திறன் வேண்டும் என்பதே அதன் சாரம். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமும் 2025ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட அறிக்கையில், கட்டளை எழுதிக் கொடுத்தல் மட்டும் ஆசிரியர் ஆக்காது. மனிதர் சேர்த்ததும், மாற்றியதும், தேர்ந்து அடுக்கியதும் காப்புப் பெறும் என்று கூறியுள்ளது.

இன்னுமொன்று. நம் நாட்டில் இசைப்பாட்டின் உரிமை, ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நிற்கும். இக்கணக்கு மனிதரின் மறைவிலிருந்து தொடங்குகிறது. இயந்திரத்திற்கு மறைவு ஏது? வங்கத்தில் வாழும் நாம் இரவீந்திரரை எண்ணிப் பார்ப்போம். 1941ஆம் ஆண்டில் மறைந்த அவர்தம் நூலுரிமை விசுவபாரதியிடம் இருந்தது. அக்காலச் சட்டப்படி 50 ஆண்டில் முடிய வேண்டியது, திருத்தத்தால் 2001ஆம் ஆண்டின் இறுதிவரை நீண்டு, பின் அனைவர்க்கும் பொதுவாயிற்று. நம் பாரதியார் படைப்புகளை 1949ஆம் ஆண்டில் சென்னை அரசு நாட்டுடைமை ஆக்கியதையும் அறிவீர்கள். ஒருவருக்கு உரியதாக இருந்ததனால் அன்றோ அதனை நாட்டுக்கு உரியதாக்க முடிந்தது!

இனி, மகள் செய்ததைக் கேளுங்கள். இயந்திரப் பாட்டை மூடி வைத்தாள். அதிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது இரயிலின் ஓட்டத்தைப் பாட்டின் நடையாக்கலாம் என்னும் எண்ணம் ஒன்றே. எண்ணம் எவர்க்கும் உடைமை அன்று. அதற்குக் கொடுக்கும் வடிவமே உடைமை. இயந்திரம் தந்த சொற்களில் நிலாவும் கனவும் நிறைய இருந்தன. நம் காலனி இல்லை. விடியற்காலைக் குழாயடியும், ஒர்க்ஷாப் சங்கொலியும், ஊரிலிருந்து வரும் புளிப் பொட்டலமும் அவள் எழுதிய சொற்களில் வந்தன. அடுத்த வரிசை வீட்டு மாமி மோகன இராகத்தைத் தேர்ந்து, அவளோடு அமர்ந்து மெட்டுக் கட்டினார்கள். இராகம் பொது, அதில் கட்டிய மெட்டு கட்டியவர்க்கு உரியது. மிருதங்கம் வாசிக்கும் ஒர்க்ஷாப் நண்பர், பல்லவியை அரை இடம் தள்ளி எடுக்கச் சொன்னார். சரணம் மூன்று முறை கிழிபட்டது. மூன்று திங்கள் சென்றன.

கிழித்த தாள்களையும் அவள் எறியவில்லை. நாளிட்டுக் கட்டி வைத்தாள். முடிவில் சுரதாளக் குறிப்பெழுதினாள். இசைப்படைப்பு என்பதில் எழுத்துக் குறிப்பும் அடங்கும் என்று சட்டமே கூறுகிறது. சொல் மகளுடையது, மெட்டு மாமியும் மகளும் சேர்ந்து கட்டியது என எழுதி இருவரும் ஒப்பமிட்டனர். இயந்திரத்திலிருந்து எண்ணம் பெற்றதையும் மறைக்காமல் எழுதினர்.

இளைஞர்கள் சிலவற்றை நினைவில் வைக்க வேண்டும். சொல், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். உரிமையைப் பிறர்க்கு மாற்றுவதாயின் எழுத்தில் கையொப்பத்தோடு இருத்தல் வேண்டும். காலம் குறிக்காவிடில் ஐந்தாண்டு என்றே சட்டம் கொள்ளும். இயந்திரப் பாட்டு விற்கும் நிறுவனங்களின் நிபந்தனைகளை முழுதும் படியுங்கள். பணம் கட்டாதவர்க்கு வணிக உரிமை தராத நிறுவனங்களும் உண்டு. "உரிமை உமக்கே" என்று அவர்கள் எழுதினும், அது அவர்க்கும் உமக்கும் இடையிலான உடன்பாடு. சட்டம் தராத உரிமையை அது உண்டாக்காது. இயந்திரத்தின் மெட்டு எவருடைய பழைய பாட்டையேனும் ஒத்திருந்தால், வழக்கு வருவது வெளியிட்டவர்மேல்.

தில்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் இசைப்படைப்பைப் பதிய ரூ. 500, ஒலிப்பதிவுக்கு ரூ. 2,000 கட்டணம். பதிவு கட்டாயம் அன்று. படைத்த அளவிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ரசீது பொதியை உண்டாக்குவதில்லை. பொதி யாருடையது என்று காட்ட உதவுகிறது. பதிவும் அத்தகையதே.

குறும்படக்காரர் காத்திருக்கவில்லை, வேறு பாட்டை எடுத்துக்கொண்டார். அதில் மகளுக்கு வருத்தம் உண்டு, எமக்கும் உண்டு. ஆயினும் இன்று மாலை நம் குழந்தைகள் பாடிய வாழ்த்துப் பாட்டு அப்பாட்டுத்தான். அதனைச் சங்கம் எந்நாளும் கட்டணமின்றிப் பாடிக்கொள்ள இருவரும் எழுத்தில் இசைவு தந்துள்ளனர். மலரில், "உரிமை சங்கத்திற்கே" என அச்சிட வந்த அன்பர்களை வேண்டி, இருவர் பெயரையும் இடச் செய்தோம்.

பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த எம் அன்னையார் பக்கத்திலிருந்தவரிடம், "எங்க பேத்தியும் அடுத்த வீட்டு மாமியும் கட்டினது" என்றார்கள். சென்ற ஆண்டு கேட்ட கேள்விக்கு அவர்களே விடை கூறிவிட்டார்கள். இயந்திரத்தை விலக்க வேண்டா. அதனிடம் எண்ணம் கேளுங்கள். பாட்டை நீங்கள் கட்டுங்கள்.