மூன்று மாத வேலைக்கும் ஒரு கடிதம் வேண்டும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி போகும்போது, மரக்காணத்தை நெருங்கினால் சாலையோரம் வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தை பிறந்ததும் உப்பளத்தைச் சீர்செய்ய இறங்குவார்கள். வெயில் ஏற ஏற உப்பு விளையும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பாத்தியெல்லாம் மழைநீரில் மூழ்கி வேலை அடங்கிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இந்த அளங்கள் பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் கிடந்தன. ஆண்டுதோறும் அந்த மழைக்கால மூன்று மாதம் உப்பளத்துக் குடும்பங்களுக்குக் கை இறுகும் காலம்.

கிட்டத்தட்ட அதே மாதங்கள்தான் கைபேசிக் கடைகளுக்கு விற்பனைக் காலம். ஆப்பிள் நிறுவனம் தன் புதிய ஐபோனைப் பெரும்பாலும் செப்டம்பரில்தான் வெளியிடுகிறது. 2025-இல் செப்டம்பர் 9-ஆம் தேதி அறிவித்து, 19-ஆம் தேதி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைத் தொட்டுக்கொண்டே ஆயுத பூஜை, தீபாவளித் தள்ளுபடி என்று மற்ற கம்பெனிகளும் களத்தில் இறங்கும். இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க ஷோரூம்கள் தற்காலிகமாக ஆள் சேர்க்கும். மரக்காணத்திலிருந்து புதுச்சேரியும் திண்டிவனமும் பஸ்ஸில் போய்வரும் தூரம். அளத்தில் வேலை நின்றிருக்கும் வீட்டில், பன்னிரண்டாவதோ டிகிரியோ முடித்த பிள்ளைக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் அது பெரிய ஆறுதல். அந்த வேலையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அது என்ன வேலை, யார் கொடுக்கும் வேலை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகவே பேசுகிறேன்.

கடைக்குள் போனதும் ஒரு கம்பெனியின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட் போட்ட இளைஞர் வந்து புது மாடலை எடுத்துக் காட்டுவார். கேமராவை விளக்குவார், பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச் சொல்வார், தவணைக் கணக்குப் போடுவார். அவர் கடையின் ஆள் என்றுதான் நாம் நினைப்போம். பல இடங்களில் அவர் ‘புரமோட்டர்’. போட்டிருக்கும் சட்டை கைபேசிக் கம்பெனியுடையது. நிற்கும் இடம் கடைக்காரருடையது. சம்பளம் போடுவதோ, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி. அதற்கு மேல் ‘டார்கெட்’ என்று ஒன்று உண்டு. இத்தனை போன் விற்றால் இவ்வளவு இன்சென்டிவ் என்று வாயால் சொல்லியிருப்பார்கள். தீபாவளி முடிந்து, கூட்டம் வடிந்து, “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சொன்ன பிறகு அந்தப் பணத்தை யாரிடம் போய்க் கேட்பது? கடைக்காரர் ஏஜென்சியைக் காட்டுவார், ஏஜென்சி கம்பெனியைக் காட்டும். மூன்று முதலாளிகள் இருந்தும் கேட்க ஒருவரும் இல்லாத நிலை இது.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. சீனாவின் ஜெங்ஜோ நகரில் உலகிலேயே மிகப் பெரிய ஐபோன் தொழிற்சாலை இருக்கிறது. புது மாடல் வருவதை ஒட்டி அங்கே தற்காலிகத் தொழிலாளர்களைப் பெருமளவில் சேர்ப்பார்கள். 2022 நவம்பரில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சொன்ன ஊக்கத்தொகை வேறு, ஒப்பந்தத்தில் இருப்பது வேறு என்று கொதித்துப் போய்ப் போராடினார்கள். அந்தத் தொழிற்சாலையை நடத்தும் ஃபாக்ஸ்கான் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, விலகிப் போக விரும்பியவர்களுக்கு 10,000 யுவான் கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே வளாகத்தில் இருந்ததால் அவர்கள் குரல் உலகுக்குக் கேட்டது. கடைக்கு இரண்டு பேராகச் சிதறி நிற்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த பலம் கிடையாது. அவர்கள் கையில் ஒரு கடிதமாவது இருக்க வேண்டும்.

அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பணி நியமனக் கடிதம் கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியிருக்கின்றன. ஆகவே சேரும் நாளிலேயே கடிதத்தைக் கேளுங்கள். சம்பளம் தருபவர் யார், எத்தனை மாதம், இன்சென்டிவ் எந்தக் கணக்கில் என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்கட்டும். பி.எஃப். பிடித்தால் யூ.ஏ.என். என்கிற பி.எஃப். அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் ஒருவருக்கு ஒன்றுதான். அடுத்த வருடம் வேறு கடைக்குப் போனாலும் அதையே கொடுக்க வேண்டும், புது எண் வாங்கக் கூடாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் இ.எஸ்.ஐ. உண்டு. வேலையில் விபத்து என்றால் முதல் நாளிலிருந்தே அதில் பாதுகாப்பு இருக்கிறது. மூன்று மாத ஆள்தானே என்று இதை மறுக்க முடியாது.

உட்காருவது பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும் வரை நின்றுகொண்டே இருப்பவர்களின் கால்கள் வீங்கிப் போகின்றன. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்றது. கேரளம் 2018-இலேயே செய்த காரியம் இது. மரக்காணத்துப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது தமிழ்நாட்டுச் சட்டம். புதுச்சேரி எல்லைக்குள் போய்விட்டால் நிர்வாகம் வேறு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் மத்தியச் சட்டங்கள், எல்லையின் இரு பக்கமும் செல்லும்.

உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாகத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. தொகை போதாது என்பது என் எண்ணம். ஆனாலும், பருவத்தோடு வந்துபோகிற வேலை செய்கிறவர்களும் தொழிலாளர்கள்தான் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். கண்ணாடிக் கதவுக்குள் ஏ.சி.யில் நிற்கும் பருவகால ஊழியருக்கு அந்த அங்கீகாரம் இன்னும் வரவில்லை.

கடை நடத்தும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடையில் நிற்கும் புரமோட்டருக்குச் சம்பளம் நீங்கள் தரவில்லை என்றாலும், உங்கள் வாடிக்கையாளரை உபசரிப்பவர் அவர்தான். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். மாதம் பிறந்ததும் சம்பளம் வந்ததா என்று ஏஜென்சியைக் கேளுங்கள். மரக்காணத்து அப்பா அம்மாக்களே, இந்த செப்டம்பரில் பிள்ளையை வேலைக்கு அனுப்பும்போது நியமனக் கடிதத்தின் நகல் ஒன்றை வாங்கி, வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.