கடைசியில் வருபவரும் ஓடுபவர்தான்

(நம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொங்கல் முடிந்த கையோடு நம் குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் காலையில் ஓட ஆரம்பித்தார்கள். இப்போது மூன்று நான்கு பேரைத்தான் பார்க்க முடிகிறது. நின்றுவிட்டவர்களைக் கேட்டால், கால் வலி என்பவர்கள் குறைவு. "எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள், கூச்சமாக இருக்கிறது" என்பவர்களே அதிகம். இது உங்களுக்காக.

மெதுவாக ஓடுவது குறையல்ல. தொடக்கத்தில் அதுதான் சரி. சில வாரங்களிலேயே மூச்சு பழகிவிடும். ஆனால் எலும்பும் தசைநாணும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று அவசரமாக வேகத்தைக் கூட்டினால் முழங்கால் தகராறு செய்யும். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். பேச முடியாமல் இரைத்தால் நடங்கள்.

நடுவில் நடப்பது தோல்வி அல்ல. 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஓட்டமும் நடையும் கலந்த முறையைத்தான். நமக்குக் கடிகாரம்கூட வேண்டாம். ஆசிரமத்திலிருந்து எமலிங்கம் பக்கம் போகும்போது ஒரு விளக்குக் கம்பம் வரை ஓடுங்கள், அடுத்த இரண்டு கம்பத்துக்கு நடங்கள். இரண்டு வாரம் கழித்து, இரண்டு ஓட்டம், இரண்டு நடை. வாரத்தில் மூன்று நாள் போதும்.

வயதாகிவிட்டதே என்பவர்கள் ஃபௌஜா சிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். 2000-ல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியபோது அவருக்கு வயது 89. 2011-ல், 100 வயதில், டொராண்டோ மாரத்தானை முடிக்க 8 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவருக்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர் முடித்துவிட்டார்கள். உலகம் பேசியது அவரைப் பற்றித்தான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை நிறைமாத கர்ப்பிணி நடப்பதுபோல நிதானமாகச் சுற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் "எத்தனை மணி நேரத்தில் முடித்தீர்கள்?" என்றா விசாரிக்கிறோம்? "நல்லபடியாகச் சுற்றி வந்தீர்களா?" என்றுதானே கேட்கிறோம். ஓட்டத்துக்கும் அந்தக் கேள்வியே போதும். வேகத்தைக் குறித்து வைக்காதீர்கள். ஓடிய நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மாதக் கடைசியில் வட்டங்களை எண்ணுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். செங்கம் சாலையில் பஸ் போக்குவரத்து அதிகம். நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம். பௌர்ணமிக் கூட்டத்தில் ஓட வேண்டாம், அன்று எல்லோரோடும் நடப்போம்.

ஓடாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வியர்க்க விறுவிறுக்க வருபவரிடம் "இதற்கு நடந்தே போயிருக்கலாமே" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் ஷூ அலமாரிக்குள் போய்விடும். "நாளைக்கும் வருவீர்கள்தானே?" என்று கேட்டுப் பாருங்கள்.

திங்கள், புதன், சனி காலை ஐந்தரை மணிக்கு வாசல் கேட் அருகில் கூடுகிறோம். யார் கடைசியில் வருகிறாரோ, அவருடைய வேகம்தான் அன்று எல்லோருக்கும். வாருங்கள்.